கொசுவலைக்குள் நுழையும் ஈ

மதுரையை அடுத்த உசிலம்பட்டிப் பக்கம், ஐப்பசி மழை விட்ட ஓர் அந்திப்பொழுதில் ஆட்டுக் கிடை அருகே நின்றதுண்டா? கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத ஏதோ ஒன்று சுருக்கென்று கடிக்கும். அது கொசு அன்று. கொசுவலைக் கண்ணிலும் நுழைந்துவிடும், 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளமே உள்ள கியூலிக்காய்டஸ் என்னும் ஈ.

இது செரட்டோபோகோனிடே குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் 6,000-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. கோகோ மலர்களில் மகரந்தம் சேர்க்கும் ஃபோர்சிபோமியா இதன் உறவுதான். (இயற்பியல்காரனான என்னைக் கவர்வது இது: ஒரு ஃபோர்சிபோமியா வினாடிக்கு 1,000 முறைக்கு மேல் சிறகடித்ததை அளந்திருக்கிறார்கள்!)

கிடைக்காரருக்குக் கவலை தருவது கியூலிக்காய்டஸ். முட்டை வளர்ச்சிக்காகப் பெண் ஈ இரத்தம் குடிக்கும்போது, நீலநாக்கு நோயின் வைரஸ் செம்மறியாட்டின் உடலில் புகுகிறது. இந்தியாவில் 1964-இல் அறியப்பட்ட இந்நோய், தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டித் தலைதூக்குகிறது. வாய் புண்ணாகி, கால் நொண்டி, ஆடுகள் மடிகின்றன.

1,300-க்கு மேற்பட்ட கியூலிக்காய்டஸ் இனங்களில் நோய் பரப்புபவை சிலவே. சில குளத்தோரச் சேற்றில் வளர்கின்றன. சில மாட்டுச் சாணத்தில். கடித்தது எந்த இனம் என்று தெரியாமல் எதைத் துப்புரவு செய்வது? நுண்ணோக்கியில் சிறகைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் கருப்பும் வெளுப்புமான புள்ளிகள் இனத்துக்கு இனம் வேறுபடும். புள்ளிகளும் ஒத்திருந்தால், உணர்கொம்பின் எந்தக் கணுக்களில் நுண்குழிகள் உள்ளன என்று பார்க்க வேண்டும்.