ஒரு பிடி கீரையும் ஒரு குளிசையும்

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கு ஓரத்திலே, கடல்நீரேரியை அணைந்து கிடப்பது கொழும்புத்துறை. மாரி தொடங்கிவிட்டால் அங்கே வேலியோரமெல்லாம் பச்சை படர்ந்துவிடும். முருங்கை துளிர்க்கும், முசுட்டை கொடியேறும், கிணற்றடியிலே வல்லாரையும் பொன்னாங்காணியும் தாமாகவே தழைக்கும். காசு கொடாமல் கைக்கெட்டும் கறி இது. இந்தக் கறியே நம் வீட்டில் ஒருவரின் உயிரோடு விளையாடப் பார்த்த கதையை இங்கே சொல்ல விழைகின்றோம். பழி கீரையினுடையதன்று, அதைப் பற்றி நாம் கொண்டிருந்த அரைகுறை அறிவினுடையது.

நம் பெரியம்மாவுக்குச் சிறு வயதிலே வந்த வாதக் காய்ச்சல், அவருடைய இருதய வால்வைப் பழுதாக்கிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் சத்திரசிகிச்சை செய்து செயற்கை வால்வு ஒன்றைப் பொருத்தினார்கள். அன்று முதல் நாள்தோறும் மாலையிலே ‘வோர்பரின்’ குளிசை. செயற்கை வால்வின்மேல் இரத்தம் உறைந்து கட்டியாகாமல் காப்பது அதன் வேலை. சுகம் விசாரிக்க வந்தவர்களுள் ஒருவர், “இந்தக் குளிசை எடுக்கிற ஆக்களுக்குக் கீரை ஆகாது” என்று சொல்லிப் போனார். பெரியம்மா அன்றே கீரையைத் துறந்தார். முருங்கையிலை வறை இல்லாமல் ஒரு வாரமும் கழித்தறியாத அவர், கீரைச் சட்டியையே கவிழ்த்து வைத்துவிட்டார்.

அடுத்த ஐப்பசியிலே கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் பாலும் பழமுமாகக் கழித்தார். விரதம் முடிந்த மறுநாள் பல் விளக்குகையில் முரசிலிருந்து இரத்தம் கசிந்தது, நெடுநேரம் நிற்கவில்லை. கிளினிக்கிலே இரத்தம் சோதித்தபோது, இருக்க வேண்டிய எல்லையைத் தாண்டி எண் ஏறியிருந்தது. அதைச் சீர்செய்து வீடு திரும்பிச் சில வாரங்கள் சென்றன. கார்த்திகை மழையிலே, வெளிநாட்டிலிருந்து வந்த பேரப்பிள்ளைகளுக்காக ஒடியற் கூழ் காய்ச்சினோம். இறாலும் நண்டும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் இட்டு, முருங்கையிலையை அள்ளி அள்ளிப் போட்டோம். பிள்ளைகளின் ஆசைக்காக அந்த வாரம் முழுவதும் வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி வறை. பெரியம்மாவும் மனம் இளகிச் சேர்ந்துண்டார். அடுத்த சோதனையிலே எண் இரண்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. குளிசை ஒன்றே, அளவும் ஒன்றே. எண் மாத்திரம் ஏறியும் இறங்கியும் ஆடியது.

வைத்தியர் கேட்ட முதற் கேள்வியே, “அம்மா, கிழமையில் எத்தனை நாள் கீரை?” என்பதுதான். “நான் அதை விட்டிட்டன் ஐயா, பிள்ளையள் வந்த இந்தக் கிழமைதான்...” என்று இழுத்தார் பெரியம்மா. வைத்தியர் சிரித்தார். “கீரையை விடச் சொல்லி ஆர் சொன்னது? ஒழுங்கைத்தான் விடக்கூடாது” என்றார். இக்கட்டுரையின் சாரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்.

மாடுகள் காட்டிய மருந்து

இம்மருந்தின் பிறப்பே தீனியிலிருந்து தொடங்கியது. 1920-களிலே கனடாவிலும் அமெரிக்காவின் வட பகுதியிலும் மாடுகள் காரணமின்றி இரத்தம் பெருகி இறந்தன. கொம்பு சீவினாலும் சிறு காயம் பட்டாலும் இரத்தம் நிற்கவில்லை. ‘சுவீற் குளோவர்’ என்னும் தீனிப்பயிரை உலர்த்தி வைத்தபோது ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்ததும், அதை மாடுகள் தின்றதுமே காரணமென்று மிருக வைத்தியர்கள் கண்டனர்.

1933-ஆம் ஆண்டு பெப்ரவரியிலே விஸ்கொன்சின் மாநிலத்து விவசாயி ஒருவர், செத்த பசுவையும், பழுதான தீனியையும், உறையாத இரத்தம் நிறைந்த பாற்பாத்திரத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலூடே பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அவரை எதிர்கொண்டவர் காள் போல் லிங்க் என்னும் இரசாயன அறிஞர். அவரும் அவருடைய மாணவரும் ஆண்டுக்கணக்கில் உழைத்து, அத்தீனியில் இருந்த நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் வழிவந்த பொருளே வோர்பரின். அவ்வாராய்ச்சிக்குப் பணம் தந்த விஸ்கொன்சின் பழைய மாணவர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டே அதற்குப் பெயரிட்டனர். முதலில், 1948-இல், எலிகளைக் கொல்லும் நஞ்சாக அது விற்பனைக்கு வந்தது. 1954-இல் மனிதர்க்கு மருந்தாக ஒப்புதல் பெற்றது. அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் 1955-இல் இருதய நோயுற்றபோது அவருக்கும் இம்மருந்து கொடுக்கப்பட்டது. எலியை அழிப்பதும் மனிதனைக் காப்பதும் ஒரே பொருள். அளவு ஒன்றே இரண்டையும் பிரிக்கின்றது.

அக்காலத்திலேயே டென்மார்க்கிலே ஹென்றிக் டாம் என்னும் அறிஞர் கோழிக்குஞ்சுகளுக்குக் கொழுப்பு நீக்கிய உணவு கொடுத்து ஆராய்ந்தார். குஞ்சுகளுக்கு இரத்தம் கசிந்தது. உணவில் ஏதோவொரு சத்துக் குறைந்ததே காரணமென்று உணர்ந்து, ‘உறைதல்’ என்று பொருள்படும் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு அதற்கு ‘விற்றமின் கே’ என்று பெயரிட்டார். 1943-ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபெல் பரிசு அவருக்கும், அச்சத்தின் இரசாயன அமைப்பைக் கண்ட எட்வேட் டொய்சிக்கும் வழங்கப்பட்டது.

இவ்விரண்டு கதைகளும் நம் உடம்பிலே சந்திக்கின்றன. இரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள் சிலவற்றைக் கல்லீரல் ஆக்குதற்கு விற்றமின் கே வேண்டும். ஒருமுறை வேலை செய்த விற்றமினை உடம்பு புதுப்பித்து மீண்டும் பயன்படுத்துகிறது. அந்தப் புதுப்பித்தலைத் தடுப்பதே வோர்பரினின் தொழில். ஆகவே கீரையிலிருந்து விற்றமின் மிகுதியாக வந்தால் மருந்தின் வலி குறையும்; வரவு குன்றினால் மருந்தின் வலி மிகும். தராசின் ஒரு தட்டிலே குளிசை. மறு தட்டிலே கீரை. வைத்தியர் குளிசையின் நிறையைத் தீர்மானிப்பது, மறு தட்டிலே நாம் நாள்தோறும் வைக்கும் கீரையைக் கணக்கிட்டே.

இரத்தம் உறையும் திறனை அளக்கும் எண்ணை ‘ஐ.என்.ஆர்.’ என்பர். உலகெங்கும் ஒரே அளவுகோல் வேண்டுமென்று 1980-களிலே உலக சுகாதார நிறுவனம் இதனை நிலைநிறுத்தியது. மருந்தெடாத சுகதேகிக்கு இவ்வெண் ஏறக்குறைய ஒன்று. வோர்பரின் எடுப்போர் பலருக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே இருத்தல் வேண்டும். செயற்கை வால்வுடையோர் சிலருக்குச் சற்றுக் கூடுதலாகவும் விதிப்பர். எண் ஏறினால் இரத்தம் கசியும் அபாயம். இறங்கினால் கட்டியாகும் அபாயம். உணவு மாற்றமோ மருந்து மாற்றமோ அன்றைக்கன்றே எண்ணிலே தெரியாது. சில நாள் கழித்தே தெரியும். ஆதலால், நேற்றுக் கூழ் குடித்தோம், இன்றைக்கு ஒரு குளிசை கூட்டிப் போடுவோம் என்று தாமே முடிவு செய்வது பெருந்தவறு.

நம் அடுக்களையில்

எவை கணக்கிற்குரியன, எவை கணக்கிற்கு அப்பாற்பட்டன என்பதை இல்லத்தரசிகள் அறிந்துவைத்தல் நன்று. கடும்பச்சை இலைகள் அனைத்தும் கணக்கிற்குரியன: முருங்கையிலை, அகத்தி, பொன்னாங்காணி, வல்லாரை, முசுட்டை, பலவகைக் கீரைகள். கோவாவும் போஞ்சியும் பயற்றங்காயும் அவற்றிலும் குறைந்த அளவினவே. சோறு, பிட்டு, இடியப்பம், குரக்கன், ஒடியல் மா, கிழங்குகள், தேங்காய், வாழைப்பழம் ஆகியவற்றிலே இவ்விற்றமின் மிகக் குறைவு. நம் கடல்நீரேரி தரும் மீனும் இறாலும் நண்டும் அவ்வாறே. அவற்றை அஞ்ச வேண்டியதில்லை. தேநீரும் வழக்கமான அளவிலே தீங்கு செய்யாது. கூழிலே பெரிதும் எண்ணத்தக்கது முருங்கையிலை ஒன்றே.

கீரையை அவித்து நீரை வடித்துவிட்டால் சத்துப் போய்விடுமென்று சிலர் எண்ணுவர். இந்த விற்றமின் நீரிலே கரையாது. அடுப்புச் சூட்டிலும் எளிதிலே அழியாது. எனவே வடிப்பதாலே கணக்கு மாறாது. மேலும் ஒரு கட்டுப் பச்சை இலை வெந்தால் ஒரு கைப்பிடியாகச் சுருங்கிவிடும். ஆகவே அளவைப் பச்சை இலையிலே பாராது, வெந்த கறியிலே பார்க்க வேண்டும். கரண்டியோ சிறு கிண்ணமோ ஒன்றைத் தெரிந்தெடுத்து, என்றும் அதனாலேயே அளப்பது எளிய வழி.

கீரையை அறவே விட்டுவிட்டால் என்ன? அங்கேதான் பெரியம்மா தவறினார். வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 120 மைக்கிரோகிராமும் பெண்ணுக்கு 90 மைக்கிரோகிராமும் விற்றமின் கே போதுமென்று அமெரிக்க உணவு நூலார் வகுத்துள்ளனர். இவ்வளவு சிறிய தேவையும் நிறைவேறாதபோது உடம்பின் சேமிப்பு வற்றிப் போகின்றது. அந்நிலையிலே ஒருநாட் கீரையும் எண்ணைக் கவிழ்த்துவிடும். ஒருநாட் பட்டினியும் அதைத் தூக்கிவிடும். நீர் வற்றிய கிணற்றிலே ஒரு குடம் விட்டாலும் எடுத்தாலும் மட்டம் மாறுவது போல இது. காரணந் தெரியாமல் எண் தளம்பிய நோயாளருக்கு நாள்தோறும் 150 மைக்கிரோகிராம் விற்றமின் கே கொடுத்தபோது தளம்பல் குறைந்ததென்று 2007-இல் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். பின்னர் நடந்த ஆய்வுகள் எல்லாருக்கும் அப்பயன் உண்டெனக் காட்டவில்லை. ஆகவே வைத்தியரைக் கேளாமல் அக்குளிசையை வாங்கி உண்ணலாகாது.

கூழ் குடிக்கும் நாளும் வரும், விரதமும் வரும். கூழுக்கு ஒரு பிடி முருங்கையிலை போட்டால், அன்றைய கீரைக்கறியை நிறுத்திவிடலாம். விரதம் பிடிக்க எண்ணுவோர் அதற்கு முன்பே கிளினிக்கிலே சொல்லிவிடுதல் வேண்டும். காய்ச்சல், வயிற்றோட்டம், பசியின்மை ஆகியவற்றால் உணவு குன்றும் நாட்களும் விரத நாட்கள் போன்றனவே.

குளிசையோடு சண்டையிடுவன

உணவைவிட மருந்துகளே பல வேளைகளில் எண்ணைப் பெரிதும் குழப்புவன, அல்லது இரத்தம் கசியும் அபாயத்தைக் கூட்டுவன. கிருமியெதிர் மருந்துகள் பல, அஸ்பிரின், மூட்டு நோவுக் குளிசைகள், நாட்கணக்கில் எடுக்கும் பரசிற்றமோல் எல்லாம் அவ்வகையின. உள்ளி, இஞ்சி, மஞ்சள் கறியிலே சேரும் அளவிலே பிழையில்லை. கசாயமாகவும் குளிசையாகவும் திரட்டி உண்ணும்போது வைத்தியருக்குச் சொல்லாதிருத்தல் பிழை. அளவு மீறிய கள்ளும் சாராயமும் கேடு. ஒருநாட் குளிசை மறந்துபோனால் மறுநாள் இரண்டாக விழுங்கலாகாது. கருவுற விரும்பும் இளம்பெண்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லவேண்டும். வோர்பரின் கருவுக்குத் தீங்கு செய்யவல்லது.

“கீரைக் கணக்கு வேண்டாத புதிய குளிசைகள் வந்துவிட்டனவே” என்று மாணவர் கேட்கலாம். உண்மைதான். ரிவரொக்சபன், அப்பிக்சபன் முதலியவற்றுக்கு இக்கணக்கில்லை. ரிவரொக்சபனின் 15, 20 மில்லிகிராம் குளிசைகளை மாத்திரம் உணவோடு எடுத்தல் வேண்டும். ஆயின் செயற்கை உலோக வால்வுடையோருக்கு அவை ஆகா. வாதக் காய்ச்சலால் இருதயம் பழுதாகி, இதயத்துடிப்பும் ஒழுங்கு குலைந்தோரிடையே நடந்து 2022-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றிலும், ரிவரொக்சபனைவிடப் பழைய வோர்பரின் வகையே மேலான பயன் தந்தது. ஆகவே பெரியம்மா போன்றோருக்குக் கீரைக் கணக்கு இன்னும் நெடுநாள் வேண்டியிருக்கும்.

சில குறிகள் தோன்றினால் கணக்குப் பார்த்துக்கொண்டு வீட்டிலே இருத்தல் கூடாது. கறுத்த மலம், சிவந்த சிறுநீர், நில்லாத மூக்கிரத்தம், தலையில் அடிபடுதல், என்றுமில்லாத கடுந்தலையிடி, முகம் கோணுதல், கைகால் சோர்தல், பேச்சுக் குழறுதல், திடீர் மூச்சுத்திணறல் — இவற்றுள் எது வரினும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

இப்போது பெரியம்மாவின் அடுக்களைச் சுவரிலே ஒரு கலண்டர் தொங்குகின்றது. செவ்வாயும் வெள்ளியும் ஒவ்வொரு கிண்ணம் கீரை. அந்நாட்களுக்கு நேரே பென்சிலால் ஒரு புள்ளி. குளிசை விழுங்கிய மாலைக்கு ஒரு கோடு. கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் தாளையே கழற்றி மடித்துக் கொண்டு போகின்றார். சென்ற மாரியிலும் முருங்கை துளிர்த்தது, கூழும் காய்ச்சினோம். பெரியம்மா தம் கிண்ணத்தை நீட்டினார். நிரம்பியதும் கையால் மறித்தார். “காணும் பிள்ளை, இது என்ர கணக்கு” என்றார். அம்மாதம் எண் அசையவில்லை.