சம்பளம் 30 டாலர்... கைக்கு 5!

சம்பளம் வாங்கிய கையோடு முக்கால்வாசியை ஊருக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தில் மாசத்தை ஓட்டுகிற ஆசாமியா நீங்கள்? அப்படியானால் இந்தக் கதை உங்களுக்குத்தான்.

1933. அமெரிக்காவில் உழைக்கத் தயாராக இருந்தவர்களில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. பாங்க்குகள் வரிசையாக இழுத்து மூடப்பட்டன. மீசை முளைத்தும் முளைக்காத பையன்கள் கூட்ஸ் ரயிலில் திருட்டுத்தனமாகத் தொற்றிக்கொண்டு, ஊர் ஊராக வேலை தேடி அலைந்தார்கள். இன்னொரு பக்கம், கண்மண் தெரியாமல் வெட்டப்பட்ட காடுகள் மொட்டையாகக் கிடந்தன. மழை பெய்தால் வயல் மண் ஆற்றோடு போயிற்று.

அந்த வருஷம் மார்ச் 4-ல் ஜனாதிபதியான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டார். சும்மா இருக்கும் பையன்கள். சும்மா கிடக்கும் காடு. மார்ச் 31-ல் சட்டத்தில் கையெழுத்து. ஏப்ரல் 17-ல் வர்ஜீனியா காட்டில் முதல் முகாம். ஜூலைக்குள் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் முகாம்களில்! ஒரு ஃபைல் இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்குப் போக எத்தனை நாளாகும் என்று ஆபீசில் குப்பை கொட்டும் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன!

எப்படி முடிந்தது? ஆள் எடுத்தது தொழிலாளர் துறை. சோறு, துணி, கூடாரம் எல்லாம் ராணுவத்தின் பொறுப்பு. வேலை வாங்கியது வனத்துறையும் பூங்காத் துறையும். முதல் உலகப் போரில் மிஞ்சிய சட்டைகளையே தூசி தட்டிக் கொடுத்தார்கள். அளவா? கிடைத்ததைப் போட்டுக்கோ, தம்பி! படைக்கு சி.சி.சி. என்று பெயர். சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்பதன் சுருக்கம். ஜனங்கள் வாயில் அது 'ரூஸ்வெல்ட்டின் மரப்படை'.

நான் பி.காம். எந்தக் கதையைக் கேட்டாலும் வரவு செலவுதான் முதலில் கண்ணில் படும். மாசம் 30 டாலர் சம்பளம். அதில் சுமார் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். பையன் கையில் 5. சிகரெட், சினிமா, காதலிக்குக் கடிதம் எழுத ஸ்டாம்ப், எல்லாம் அதற்குள்தான். சாப்பாடும் படுக்கையும் வைத்தியமும் இலவசம்.

அந்த 25-ல்தான் விஷயமே இருக்கிறது. நிவாரணத்தில் காலம் தள்ளும் குடும்பத்துப் பையன்களாகப் பார்த்துத்தான் முதலில் எடுத்தார்கள். நேற்று வரை 'இன்னொரு வாய்' என்று கணக்கிடப்பட்ட பையனால் இன்று மளிகைக் கடை பாக்கி அடைகிறது. வேலை போய் வீட்டோடு இருக்கும் அப்பாவுக்கு அந்த செக் வந்தபோது சந்தோஷமா, கூச்சமா? இரண்டும்தான் இருந்திருக்கும்.

தொழிற்சங்கங்கள் கொதித்தன. நாளைக்கு ஒரு டாலர் கூலியா? அதுவும் ராணுவத்தின் கையிலா? ரூஸ்வெல்ட் பலே ஆசாமி. ராபர்ட் ஃபெக்னர் என்ற தொழிற்சங்கத் தலைவரையே படைக்கு டைரக்டராக உட்கார வைத்துவிட்டார்!

பட்டணத்துப் பையனுக்குக் கோடரியை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. அதனால் பக்கத்து ஊர்களின் மரவெட்டிகள், கல்தச்சர்கள் போன்ற அனுபவசாலிகளைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் பிழைப்பு, இவனுக்கும் தொழில். கன்று நட்டார்கள், பாதை வெட்டினார்கள், மண் அரிக்கும் ஓடைகளில் தடுப்பணை கட்டினார்கள். ராத்திரியில் வகுப்பு. ஆயிரக்கணக்கானவர்கள் முகாமில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினார்கள்.

விளையாட்டு வேலை இல்லை சார். 1937 ஆகஸ்டில் வயோமிங் மாநிலத்து ஷோஷோனி காட்டில் பிடித்த தீயை அணைக்கப் போனவர்களில் 15 பேர் செத்துப்போனார்கள். அதில் பலர் இந்தப் பையன்கள்.

பற்றுப் பக்கத்தையும் எழுதத்தானே வேண்டும்? நிற வித்தியாசம் பார்க்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருந்தது. ஆனால் 1935-லிருந்து கறுப்பு இளைஞர்களுக்குத் தனி முகாம் என்று ஆக்கிவிட்டார்கள். பெண்களுக்குப் படையில் இடமே கிடையாது. ஜனாதிபதியின் மனைவி எலினார் முட்டி மோதியதில் தனியாகச் சில முகாம்கள் வந்தன. அவற்றில் சேர்ந்தவர்கள் மொத்தமே சுமார் 8,500 பேர். அதையும் 'ஷி-ஷி-ஷி' என்று கேலி செய்தார்கள். ஆண்கள் பக்கம் 30 லட்சம்! இந்தக் கணக்கு எனக்கு டாலி ஆகவில்லை.

1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் குதித்தது. ஃபாக்டரிகளும் ராணுவமும் ஆள் வேண்டும் என்று அலறின. 1942-ல் அமெரிக்கக் காங்கிரஸ் பணத்தை நிறுத்தியது. படை கலைந்தது. ஒன்பது வருஷத்தில் நட்டது சுமார் 300 கோடி மரம். டென்வர் பக்கத்தில் செம்பாறைகளுக்கு நடுவே இவர்கள் கட்டிய ரெட் ராக்ஸ் திறந்தவெளி அரங்கில் 1964-ல் பீட்டில்ஸ் பாடினார்கள்.

டெக்ஸஸில் பாஸ்ட்ராப் பூங்கா இருக்கிறது. அங்கே கல்லாலும் மரத்தாலும் குடில்கள் கட்டி, உள்ளே போட நாற்காலி மேஜையும் தாங்களே செய்து வைத்தார்கள் பையன்கள். 2011 செப்டம்பரில் பெரும் காட்டுத்தீ அந்தப் பூங்காவின் பெரும்பகுதியை விழுங்கியது. தீயணைப்பு வீரர்கள் முட்டி நின்று குடில்களைக் காப்பாற்றிவிட்டார்கள். அவற்றை ராத்தங்க வாடகைக்கு விடுகிறார்கள்.