பள்ளிக்கூடப் பையன்... காலேஜ் கிரெடிட்!

பி.காம். முடிக்க எனக்கு மூன்று வருஷம். அரியர்ஸ் முடிக்க இன்னொரு வருஷம். போன வருஷம் அமெரிக்காவில், மினசோட்டாவிலிருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பன்னிரண்டாவது படிக்கிற அவள் பையன், "மாமா, பிசினஸ் அறிமுகப் பாடம் முடிச்சுட்டேன். காலேஜ்லே மூணு கிரெடிட்!" என்றான். எனக்குக் காபி புரையேறியது.

"பள்ளிக்கூடத்துப் பையனுக்கு எந்தக் காலேஜ்டா சீட் குடுத்தது?"

அதற்குச் சட்டமே இருக்கிறதாம். 1985-ல் வந்தது. பதினொன்று, பன்னிரண்டு படிக்கிறவர்கள் காலேஜ் வகுப்பிலேயே போய் உட்காரலாம். ஃபீஸ், புத்தகம் எல்லாம் அரசாங்கச் செலவு. கூட்டு வியாபாரம், கம்பெனி, மார்க்கெட்டிங், கணக்கு என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். பாடம் ஒன்று, பள்ளிக்கூடக் கணக்கிலும் ஏறும், காலேஜ் கணக்கிலும் ஏறும். டிகிரிக்குச் சுமார் 120 கிரெடிட். அதில் மூன்று இப்பவே பையில்!

"ஓசிச் சரக்கு!" என்றேன். அக்கா முறைத்தாள்.

"ஓசியா? இதிலே வாங்கற கிரேடு காலேஜ் ரெக்கார்டுலே நிரந்தரமா நிக்கும்டா. கோட்டை விட்டா அழிக்க முடியாது."

(நல்லவேளை, எனக்கு இந்த வசதி இல்லை!)

பையனுக்கு வேறு கவலை. அவன் ஆசைப்பட்ட வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டான். 'அந்த மூன்று கிரெடிட் இங்கே செல்லாது' என்று பதில். ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தக் கல்லூரியின் இஷ்டம். அங்கே சேர்ந்தால் அந்த மூன்றுக்கும் மறுபடி பணம் கட்ட வேண்டும்.

"சேர்றதுக்கு முன்னாடியே கேட்டிருக்கணும் மாமா..."

ராத்திரி பார்த்தால், பேப்பரில் நடுவே கோடு கிழித்து, இந்தக் காலேஜ், அந்தக் காலேஜ் என்று வரவு செலவு எழுதிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். கையால் மறைத்துக்கொண்டான்.