விருந்தினருக்குக் காலைப் பலகாரம்: முதல் நாளே கேட்டுடுங்க

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய பெரிய வீடுகள் சில தங்கும் விடுதிகளாகிவிட்டன. இப்படிப்பட்ட இடங்களில் காலைப் பலகாரம் செய்து தரும் வேலையைக் குழுவாக எடுக்க நினைக்கும் சகோதரிகளுக்கு இது.

மாவு புளிக்க ஒரு ராத்திரி வேணும். அதனால் முதல் நாள் மதியத்துக்குள் மூன்று கேள்வி கேட்டுடணும். எத்தனை பேர்? எத்தனை மணிக்கு? யாருக்கு எது ஆகாது? மூன்றாவதைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். முந்திரி ஒத்துக்கொள்ளாதவருக்கு, பொங்கலில் போட்ட முந்திரியைப் பொறுக்கி எடுத்துட்டுக் கொடுத்தாலும் ஆபத்துதான். அவருக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி.

பத்துப் பேருக்கு, ஆளுக்கு 4 இட்லி, ஒரு வடை, கொஞ்சம் பொங்கல் போதும். 1 கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து போட்டால் சுமார் 60 இட்லி வரும். தேங்காய்ச் சட்னியைக் கடைசி அரை மணியில் அரையுங்க, சீக்கிரம் ஊசிப்போகும்.

மேசையில் இலையின் நுனி, உட்காருபவரின் இடது பக்கம். தண்ணீர் டம்ளரும் இடது பக்கமே. வலது கைதான் சாப்பிடும் கை. கொதித்து ஆறிய தண்ணீர் வையுங்க. வெளிநாட்டவர் வந்தால் ஸ்பூனும் வைக்கலாம், கையால் சாப்பிட ஆசைப்படுகிறவர்களும் உண்டு! பரிமாறுவது கரண்டியில் மட்டும். காபி கடைசியில், கேட்டுவிட்டு.

விலை சொல்லும்போது அரிசி, கேஸ், இலையோடு, விடியற்காலை 4 மணிக்கு எழுந்த நம் கூலியையும் கணக்கு நோட்டில் எழுதுங்க. பல குழுக்கள் அதை எழுதுவதே இல்லை.