துருக்கியில் வாழ்க்கை மலிவா? சம்பளம் எந்த நாணயத்தில் என்று முதலில் கேளுங்கள்

அக்குறணையில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் அண்மையில் தொலைபேசியில் பேசினார். அவருடைய மகனுக்கு இஸ்தான்புல்லில் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். மாதச் சம்பளம் 45,000 லீரா. "ரூபாவில் பார்த்தால் மூன்று இலட்சத்துக்கு மேல வருது நானா. துருக்கி மலிவான நாடுதானே? முகவருக்குக் கொடுக்க இருபது பேர்ச் காணியை விற்கப் பார்க்கிறேன். பிழையில்லையே?" என்று கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏனெனில் இதே கணக்கை நானும் ஒரு முறை போட்டவன். பிழையாகப் போட்டவன் என்றும் சொல்ல வேண்டும்.

2022 ஜனவரியில் ஒரு வர்த்தக நிறுவனத்தின் கணக்காளராக நான் இஸ்தான்புல் போனேன். மாதம் 900 டொலர் சம்பளம், அதுவும் டொலரிலேயே. இரண்டு அறை கொண்ட தொடர்மாடி வீட்டுக்கு 3,500 லீரா வாடகை. அன்றைய விலைப்படி அது 263 டொலர். சாப்பாடு, பஸ், மின்சாரம் எல்லாம் போக மாதம் 350 டொலர் வீட்டுக்கு அனுப்பினேன். அந்த வருடம் மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் நம் நாட்டில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது. 70,000 ரூபாவாக இருந்த என் 350 டொலர் 126,000 ரூபாவானது. வீட்டார் எரிவாயு வரிசையில் நிற்க, நான் மட்டும் பணக்காரனாகிவிட்டதாக நினைத்தேன். அந்த நினைப்பு இரண்டு வருடங்கள்கூட நிலைக்கவில்லை.

மலிவு எங்கிருந்து வந்தது?

2021 செப்டெம்பரில் துருக்கி மத்திய வங்கியின் வட்டி வீதம் 19 ஆக இருந்தது. விலைகள் ஏறிக்கொண்டிருந்த வேளையில் அதைப் படிப்படியாகக் குறைத்து டிசம்பரில் 14 ஆக்கினார்கள். லீராவை வைத்திருந்தவர்கள் டொலருக்கும் தங்கத்துக்கும் ஓடினார்கள். வருட ஆரம்பத்தில் ஒரு டொலர் சுமார் 7.4 லீரா. டிசம்பர் 20ஆம் திகதி அது 18ஐத் தாண்டி, பின்னர் இறங்கி, வருட முடிவில் 13.3 அளவில் நின்றது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு நாணயம் ஒரே வாரத்தில் விழுந்துவிடலாம். ஆனால் கடை விலைகள் அதே வேகத்தில் ஏறுவதில்லை. கடைக்காரரிடம் பழைய சரக்கு இருக்கும், வீட்டுக்காரர் பழைய ஒப்பந்தத்தில் இருப்பார், தொழிலாளியின் கூலி அடுத்த ஜனவரி வரை மாறாது. நாணயம் விழுந்துவிட்டது, விலைகள் இன்னும் வந்து சேரவில்லை என்ற அந்த இடைவெளியில் டொலருடன் வந்து இறங்குபவனுக்கு எல்லாமே மலிவாகத் தெரியும். நான் போய் இறங்கியது சரியாக அந்த நேரத்தில்தான். அதை அந்த நாட்டின் நிரந்தர குணம் என்று எண்ணியதே என் பிழை.

ஒரு கூடைச் சாமானின் கணக்கு

2020 டிசம்பரில் 1,000 லீராவுக்கு வாங்கிய ஒரு கூடைச் சாமானை எடுத்துக்கொள்வோம். அரசாங்கத்தின் உத்தியோகபூர்வ பணவீக்கத்தின்படி அது 2021 இறுதியில் சுமார் 1,360 லீரா, 2022 இறுதியில் 2,235, 2023 இறுதியில் 3,680, 2024 இறுதியில் 5,320, 2025 இறுதியில் 6,960 லீரா. உண்மையான ஏற்றம் இதைவிட அதிகம் என்று சொல்லும் துருக்கியப் பொருளியலாளர்களும் உண்டு.

இதே கூடையை அந்தந்த வருட இறுதி நாணய மாற்று விலைப்படி டொலரில் பாருங்கள். 2020இல் 135 டொலர். 2021இல் 102 டொலர். மலிவு என்று எல்லோரும் பேசியது இதைத்தான். 2022இல் 120, 2023இல் 125, 2024இல் 151, 2025இல் 162 டொலர். அதாவது, டொலரில் சம்பளம் வாங்குபவருக்கும் அந்தக் கூடை நான்கு வருடங்களில் ஏறக்குறைய அறுபது வீதம் விலை ஏறிவிட்டது.

லீரா தொடர்ந்து விழுந்துகொண்டுதானே இருந்தது, பிறகு எப்படி என்று கேட்பீர்கள். லீரா விழுந்தது உண்மை. ஆனால் விலைகள் அதைவிட வேகமாக ஏறின. 2023 ஜூனில் புதிய நிதி அமைச்சர் வந்த பின்னர் வட்டி வீதத்தை 8.5இலிருந்து கூட்டிக்கொண்டே போய் 2024 மார்ச்சில் 50 ஆக்கினார்கள். லீராவின் சரிவு மெதுவானது. விலைகளின் ஓட்டம் அவ்வளவு சீக்கிரம் அடங்கவில்லை. 2024ஆம் வருடத்தில் டொலர் ஏறியது சுமார் 20 வீதம், விலைகள் ஏறியது 44 வீதம்.

கூலியும் அப்படியே. 2022 ஜனவரியில் கைக்கு வரும் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 4,253 லீரா. 2025 ஜனவரியில் அது 22,104 லீரா. டொலரில் சொன்னால் 320இலிருந்து 620க்கு மேல். அந்தத் தொழிலாளிக்கு அது நியாயமானதே, அவரும் விலைவாசியோடு மல்லுக்கட்டுகிறவர்தான். ஆனால் சலூன், சாப்பாட்டுக் கடை, பழுது பார்ப்பவர் என்று ஆள் கூலியில் ஓடும் எல்லாமே அதனோடு சேர்ந்து ஏறின.

வாடகையில் நான் பட்டது

2022 ஜூனில் குடியிருப்பு வாடகையை வருடத்துக்கு 25 வீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். எனக்கு அது பெரிய வரமாகத் தெரிந்தது. 2023 ஜனவரியில் என் வாடகை 4,375 லீரா மாத்திரமே ஆனது. ஆனால் பக்கத்து வீட்டைப் புதிதாக எடுத்தவர் அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தார். இதைப் பார்க்கும் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்றார். வெளிநாட்டுக்காரன் வழக்குப் பேச முடியாது என்று நானும் விட்டுக்கொடுத்தேன்.

2023 ஒக்டோபரில் எடுத்த புதிய வீட்டுக்கு 14,000 லீரா, அதாவது 500 டொலர். முற்பணமும் தரகும் தனி. 2024 ஜூலையுடன் அந்த 25 வீத வரம்பும் முடிவுக்கு வந்தது. அதன் பின்னர் கடந்த பன்னிரண்டு மாத சராசரி பணவீக்கம் வரை கூட்டலாம். அந்த ஒக்டோபரில் என் வாடகை 60 வீதத்துக்கு மேல் ஏறி 655 டொலரைத் தொட்டது. சம்பளமோ அதே 900 டொலர். வீட்டுக்கு அனுப்ப எதுவும் மிஞ்சவில்லை. அந்த வருட இறுதியில் ஊர் திரும்பினேன்.

லீராவில் சம்பளம் என்றால்

டொலரில் வாங்கிய எனக்கே இந்த நிலை. சகோதரரின் மகனுக்கு லீராவில் சம்பளம். 2025இல் துருக்கியின் பணவீக்கம் சுமார் 31 வீதம். அதே வேகத்தில் விலைகள் ஏறினால், இன்று வாங்கும் 45,000 லீரா ஒரு வருடம் கழித்து இன்றைய 34,000 லீராவின் வேலையைத்தான் செய்யும். 2022இலும் 2023இலும் குறைந்தபட்சச் சம்பளத்தை வருடத்துக்கு இரண்டு தடவை திருத்தினார்கள். 2024இலும் 2025இலும் ஜனவரியில் மாத்திரமே.

"அங்கே பணவீக்கம் குறைகிறதாமே" என்றும் அவர் சொன்னார். குறைவது விலை அல்ல, விலை ஏறும் வேகம். நம் நாட்டில் 2022 செப்டெம்பரில் ஏறக்குறைய 70 வீதமாக இருந்த பணவீக்கம் அடுத்த வருடமே ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. அதற்காகப் பாணின் விலை 2021க்குத் திரும்பியதா?

ஆகவே, பணவீக்கம் கூடிய எந்த நாட்டுக்கும் வேலைக்குப் போக நினைப்பவர்கள் இவற்றைக் கேட்டறிய வேண்டும்:

1. சம்பளம் எந்த நாணயத்தில்? உள்நாட்டு நாணயம் என்றால் வருடத்துக்கு எத்தனை தடவை திருத்தப்படும்? அது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா?

2. தங்குமிடம் நிறுவனத்தின் பொறுப்பா? இல்லையென்றால், இந்த மாதம் புதிதாக வீடு எடுப்பவர் கொடுக்கும் வாடகை எவ்வளவு? பழைய குடியிருப்பாளர் கொடுக்கும் வாடகை உங்களுக்குக் கிடைக்காது. முற்பணம், தரகு, மாதாந்தக் கட்டடப் பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. வதிவிட அனுமதிக்கும் மருத்துவக் காப்புறுதிக்கும் யார் பணம் கட்டுவது? துருக்கியில் அரச கட்டணங்கள் ஒவ்வொரு ஜனவரியிலும் பணவீக்கத்தை ஒட்டிக் கூட்டப்படுகின்றன.

4. மிச்சத்தை எதில் வைப்பது? துருக்கியர்களே சேமிப்பைத் தங்கத்திலும் டொலரிலும் வைப்பதை என் கண்ணால் கண்டேன். சம்பளம் கிடைத்த வாரமே அனுப்ப வேண்டியதை அனுப்பிவிடுவது நல்லது.

5. விலை சொல்பவர் எந்த வருடத்து விலையைச் சொல்கிறார்? என்னிடமே யாராவது கேட்டால், நான் 2024இல் திரும்பியவன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இவை அனைத்தையும் சகோதரரிடம் சொன்னேன். துருக்கிக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தங்குமிடம் கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை சம்பளத்தைத் திருத்தும் நிறுவனம் என்றால் அது நல்ல வாய்ப்பே. மகன் அந்த இரண்டையும் எழுத்தில் கேட்டு நிறுவனத்துக்கு அறிவித்திருக்கிறாராம். பதில் வரும்வரை காணியை விற்பதில்லை என்று சகோதரர் சொன்னார்.