கோழியின் நோய் எதிர்ப்பும் கருஞ்சீரகமும்

கோழித் தீவனத்தில் கலந்து ஆராயப்பட்ட மருத்துவ விதைகளில் கருஞ்சீரகத்துக்குத் தனி இடம் உண்டு. பல ஆண்டுகளாகப் பண்ணைகளில் கோழிகளின் எடையைக் கூட்டுவதற்காகத் தீவனத்தோடு சிறிதளவு ஆன்டிபயாடிக் மருந்து கலக்கப்பட்டு வந்தது. இதனால் மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகின. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் இந்தப் பழக்கத்தைத் தடை செய்தது. மனிதர்களுக்குக் கடைசிப் புகலாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுப்பதை இந்தியா 2019-இல் தடுத்தது. மாற்று தேடியவர்களின் கவனம் விதைகள் பக்கமும் திரும்பியது.

கோழியின் நோய் எதிர்ப்பு அமைப்பு பாலூட்டிகளுடையதிலிருந்து சற்று வேறுபட்டது. கழுத்தின் இருபுறமும் வரிசையாக அமைந்த தைமஸ் சுரப்பி, மண்ணீரல், எச்சத்துளைக்கு மேலே உள்ள ஃபேப்ரீசியஸ் பை ஆகியவை அதன் முக்கிய உறுப்புகள். இந்தப் பை அகற்றப்பட்ட கோழிகளால் எதிர்ப்புரதங்களைச் சரிவர உண்டாக்க முடியவில்லை என்பதை புரூஸ் கிளிக், திமோத்தி சாங் ஆகியோர் 1956-இல் வெளியிட்டனர். எதிர்ப்புரதம் சுரக்கும் பி அணுக்கள் இங்குதான் முதிர்ச்சி அடைகின்றன. கம்போரோ எனப்படும் கோழி நோயின் வைரஸ் குஞ்சுப் பருவத்தில் இந்தப் பையைச் சிதைத்துவிட்டால், பிறகு போடும் தடுப்பூசிகளும் முழுப் பலன் தருவதில்லை.

கருஞ்சீரகத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். அதோடு சிறிதளவு வாசனை எண்ணெயும் உண்டு. அதிலுள்ள தைமோகுயினோன் என்ற சேர்மம்தான் விதையின் மருத்துவக் குணத்துக்குப் பெரிதும் காரணமாகக் கருதப்படுகிறது. இது முக்கியமாக மூன்று வழிகளில் செயல்படுகிறது. வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்ல வெளிவிடும் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் உடலின் சொந்தத் திசுக்களையும் அரிக்கும். தைமோகுயினோன் அந்தச் சேதத்தைக் குறைப்பது முதலாவது. அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை முடுக்கிவிடும் புரதத்தை அடக்குவது இரண்டாவது. சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுப்பது மூன்றாவது. ஆகவே எதிர்ப்பு சக்தியைக் கூட்டுகிறது என்று மட்டும் சொல்வது பாதி உண்மைதான். தேவையற்ற அழற்சியைத் தணிப்பதும் அதன் வேலை. அழற்சி நீடித்தால் கோழி தீனி எடுப்பது குறையும். தின்ற தீனியின் சத்தும் வளர்ச்சிக்குப் போகாமல் நோயோடு போராடுவதிலேயே செலவாகும்.

சோதனைகளில் பெரும்பாலும் கறிக்கோழிகளின் தீவனத்தில் ஒன்று அல்லது இரண்டு சதவீதம் அரைத்த விதை சேர்க்கப்பட்டது. வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய்க்குத் தடுப்பூசி போட்டபின் இரத்தத்தை எடுத்து, அந்த வைரஸ் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளச் செய்வதை அந்த இரத்தம் எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பார்கள். எதிர்ப்புரதம் எந்த அளவு உண்டாகியிருக்கிறது என்பதற்கு இதுவே அளவுகோல். விதை தின்ற கோழிகளில் இந்த அளவு கூடியிருந்ததைப் பல ஆய்வுகள் காட்டின. சிலவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. விதை விளைந்த இடம், அதிலுள்ள தைமோகுயினோன் அளவு, கொட்டகையின் சுகாதாரம் ஆகியவை முடிவை மாற்றுகின்றன. பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் உருவாகும் அஃப்ளடாக்சின் நஞ்சு போன்ற நெருக்கடிகள் கோழியின் எதிர்ப்பைக் குலைக்கும். அத்தகைய நேரங்களில்தான் இந்த விதையின் உதவி வெளிப்படையாகத் தெரிய வாய்ப்பு அதிகம்.

வேறு விதைகளும் ஆராயப்பட்டுள்ளன. வெந்தயச் சாறு கொடுத்த எலிகளில், கிருமிகளை விழுங்கும் அணுக்களின் சுறுசுறுப்பு கூடியது. ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கு மேல் இருக்கும் ஒமேகா-3 வகைக் கொழுப்பு அமிலம், அழற்சியைத் தூண்டும் பொருள்கள் உருவாவதைக் குறைக்கிறது. தமிழ்நாட்டில் கோமாரி கண்ட மாடுகளுக்கு சீரகம், வெந்தயம், மிளகு ஆகியவற்றை ஊறவைத்து, மஞ்சள், பூண்டு, வெல்லம், தேங்காய் சேர்த்து அரைத்து வாய்வழியாகக் கொடுக்கும் மரபு மருத்துவம் கால்நடை மருத்துவர்களாலும் பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் கூட்டு மருந்தின் பலனில் எந்த விதைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

அளவு கூடினால் நன்மையும் கூடும் என்பதில்லை. காரமும் கசப்பும் மிகுந்தால் கோழி தீனியை ஒதுக்கும். அரைத்து நாள்பட வைத்த விதையில் வாசனை எண்ணெய் ஆவியாகிவிடும். மீதமுள்ள கொழுப்பு கெட்டுச் சிக்கு வாடை வீசும். அதனால் தேவைக்கேற்ப அவ்வப்போது அரைத்துக் கலப்பதே நல்லது. குறிப்பிட்ட ஒரு வைரஸை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்ள உடலைப் பழக்குவது தடுப்பூசியின் வேலை; எந்த விதையும் அந்த வேலையைச் செய்வதில்லை. தடுப்பூசி, சுத்தமான தண்ணீர், காற்றோட்டமான கொட்டகை ஆகியவை சரியாக இருக்கும் பண்ணையில் கருஞ்சீரகம் துணைச் சேர்மானமாகப் பயன்படும். அவை இல்லாத குறையை அது ஈடுசெய்யாது.