நின்னு தூண்டில் போட எவ்வளவு அகலம் வேணும்? பெடல் கயாக்கும் நம்ம ஊர் மரமும்

கல்ஃபிலிருந்து லீவுக்கு வரும் நண்பர்கள் இரண்டு மூன்று பேர் இந்த ஒரு வருஷத்தில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "பெடல் கயாக் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். நின்னுக்கிட்டே தூண்டில் போடணும். எது கவிழாது?" துபாயிலும் மஸ்கட்டிலும் வார விடுமுறைக்கு இதில் ஏறி மீன் பிடித்துப் பழகியவர்கள். மணவாளக்குறிச்சிக்குத் திரும்பி வந்த பிறகும் அந்த ஆசை விடவில்லை. ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, தேடிப் படித்ததையும் கணக்குப் போட்டுப் பார்த்ததையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம்னு தோணுச்சு.

கேள்வியே நம்ம ஊருக்கு ரொம்பப் பழசு. சின்னவிளை, பெரியவிளை, கடியபட்டணம், முட்டம் என்று நம்மைச் சுற்றியுள்ள கடற்கரை முழுக்க, நின்றுகொண்டு வலை போடுவதற்கான விடையைப் பல தலைமுறைக்கு முன்னாலேயே கண்டுபிடித்து வைத்திருந்தது. அதன் பெயர் கட்டுமரம். கடலோரத்தில் வெறுமனே "மரம்" என்றுதான் சொல்லுவாங்க. அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கயாக் விஷயம் சீக்கிரம் புரியும்.

மரம் ஏன் நிற்க விட்டது?

கட்டுமரத்துக்கு உட்குழிவு கிடையாது. கனமில்லாத மரத்தடிகளைச் செதுக்கி, பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டியது, அவ்வளவுதான். தடிகளுக்கு நடுவே தண்ணீர் வரும், போகும். இறைக்க வேண்டிய வேலையே இல்லை. அலை மேலே ஏறினாலும் அதே வேகத்தில் வடிந்துவிடும். கவிழ்ந்தால்கூட மூழ்காது, புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம்.

நிற்பதற்கு முக்கியமான விஷயம் இன்னொன்று. மரத்தில் நிற்பவரின் கால் ஏறக்குறைய கடல் மட்டத்திலேயே இருக்கும். காலுக்குக் கீழே இருக்கிற மரத்தடிகளும் நல்ல எடை. ஆகவே ஆளும் மரமும் சேர்ந்த மொத்த எடையின் மையம் ரொம்ப மேலே போகாது. இந்த எடை மையம் என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்க அதுதான் வரும்.

ஒரு கிளைக்கதை. தமிழ்ச் சொல்லான கட்டுமரம்தான் ஆங்கிலத்துக்குப் போய் 'கேட்டமரான்' ஆனது. 1697-ல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூலிலேயே அந்தச் சொல் வந்துவிட்டது. ஆனால் இன்று உலகம் கேட்டமரான் என்று சொல்வது இரண்டு தனித்தனி உடல்களைப் பாலம் போட்டு இணைத்த படகை. அது பசிபிக் தீவுக்காரர்களின் யோசனை, நம்முடையது அல்ல. 1876-ல் அமெரிக்காவில் நத்தானியல் ஹெர்ஷாஃப் அந்த வகையில் ஒரு படகு கட்டிப் பந்தயத்தில் விட்டார். பெயர் மட்டும் நம்ம ஊர்ப் பெயராகவே நின்றுவிட்டது.

நம்ம கரையில் மரம் குறைந்ததற்கும் காரணம் உண்டு. நல்ல தடி கிடைப்பது அரிதாகி, விலையும் ஏறிப்போன காலத்தில், 1980-களின் தொடக்கத்தில், முட்டத்தில் பியர் ஜில்லே என்ற பெல்ஜியப் பொறியாளர் மீனவர்களோடு சேர்ந்து பிளைவுட் படகுகளை வடிவமைத்தார். அந்த அனுபவத்தை ஒரு புத்தகமாகவும் எழுதினார். பிறகு ஃபைபர் வந்தது. உள்ளே குழிவான படகு வந்ததும், தண்ணீர் உள்ளே தங்கும் என்ற புதுப் பிரச்சினையும் கூடவே வந்தது.

கணக்கு: நின்றவுடன் என்ன ஆகிறது?

இனி கயாக். 75 கிலோ எடையுள்ள ஒருவர், 50 கிலோ கயாக், 15 கிலோ சாமான். மொத்தம் 140 கிலோ. உட்கார்ந்திருக்கும்போது மொத்த எடையின் மையம் கயாக்கின் அடியிலிருந்து சுமார் 41 செ.மீ. உயரத்தில் இருக்கும். எழுந்து நின்றதும் அது சுமார் 68 செ.மீ.க்குப் போய்விடும். நிற்கும் மனிதரின் எடை மையம் தொப்புளை ஒட்டித்தான் இருக்கிறது என்பதே காரணம்.

இதற்கு எதிராகப் படகை நிமிர்த்தி வைப்பது அகலம். படகு ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கம் கூடுதலாகத் தண்ணீருக்குள் அமிழும், தண்ணீர் அதை மேலே தள்ளும். அந்தத் தள்ளுதல் மையக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிகழ்கிறதோ அவ்வளவு நல்லது. கப்பல் கட்டுபவர்கள் இதை மெட்டாசென்டர் என்ற புள்ளியின் உயரமாகக் கணக்கிடுவார்கள். அந்தப் புள்ளி எடை மையத்துக்கு மேலே இருந்தால் படகு தானாக நிமிரும். கீழே போனால் தானாக நிமிராது, நாம்தான் காலால் சமாளித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதில் அகலம் மும்மடியாக வேலை செய்கிறது. அதாவது அகலத்தை 20 சதவீதம் கூட்டினால் பலன் 20 சதவீதம் அல்ல, 70 சதவீதத்துக்கு மேல். நீளத்தைக் கூட்டினால் அந்த அளவுக்குத்தான் பலன். "பன்னிரண்டு அடிக்குப் பதிலா பதினாலு அடி வாங்கினா ஆடாதுல்லா?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். நீளம் வேகத்துக்கு உதவும், நேராகப் போக உதவும். நிற்க உதவுவது அகலம்.

தண்ணீரில் 3.5 மீட்டர் நீளம் படும் கயாக் என்று வைத்து நான் தோராயமாகப் போட்ட கணக்கு இது. நீங்கள் நிற்கிறீர்கள், மெட்டாசென்டர் எடை மையத்துக்கு எவ்வளவு மேலே இருக்கும்?

- 30 இஞ்ச் அகலம்: மேலே இல்லை, 6 செ.மீ. கீழே. உட்கார்ந்தால் 21 செ.மீ. மேலே, கவலையில்லை. நின்றால் கயிற்றின் மேல் நடப்பது மாதிரிதான்.
- 33 இஞ்ச்: 12 செ.மீ. மேலே. உடம்பை 10 செ.மீ. பக்கவாட்டில் நகர்த்தினாலே 20 டிகிரிக்கு மேல் சாயும்.
- 36 இஞ்ச்: 35 செ.மீ. அதே 10 செ.மீ. நகர்வுக்கு 9 டிகிரி.
- 38 இஞ்ச்: 52 செ.மீ. அதே நகர்வுக்கு 6 டிகிரி.

33-க்கும் 36-க்கும் நடுவே வெறும் 3 இஞ்ச்தான். ஆனால் சாய்வு பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது, பார்த்தீர்களா? நிற்பதற்கென்றே விற்கிற பெரிய கயாக்குகள் 36, 38 இஞ்சில் வந்து நிற்பது தற்செயல் அல்ல. ஹோபி நிறுவனத்தின் புரோ ஆங்ளர் 14 சுமார் 38 இஞ்ச். ஓல்ட் டவுனின் ஸ்போர்ட்ஸ்மேன் பெடல் மாடல்கள் 36 இஞ்ச்.

ஒரு எச்சரிக்கை. கம்பெனிக்காரர்கள் போடுவது மேல் விளிம்பின் அகலம். நமக்கு வேண்டியது தண்ணீர் மட்டத்தில் உள்ள அகலம். விளிம்பு வெளியே விரிந்து, அடி குறுகிய கயாக் என்றால் 36 என்று எழுதியிருந்தாலும் 33 மாதிரி நடந்துகொள்ளும். அடியைப் புரட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

அடியின் வடிவம்

தட்டையான அடி, குளத்தில் பாறை மாதிரி நிற்கும். ஆனால் அது தண்ணீர்ப் பரப்போடு ஒட்டி நிற்கிற அடி. அலை வந்து பரப்பே சாய்ந்தால் அதுவும் கூடவே சாயும். இரண்டு பக்கமும் மேடும் நடுவில் பள்ளமுமாக, ஏறக்குறைய இரட்டை உடல் போல இருக்கும் அடி, மிதப்பை ஓரங்களுக்குத் தள்ளுவதால் நிற்பதற்கு நல்லது. அலையில் அதுவும் தட்டை அடியின் குணத்தைத்தான் காட்டும். உருண்ட அடி முதலில் ஆடுகிற மாதிரி பயமுறுத்தும், அலையில் சமாளிக்கும், ஆனால் நிற்க விடாது. எல்லாம் ஒன்றாகக் கிடைக்காது. எந்தத் தண்ணீர் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

பெடல் எதற்கு?

கை இரண்டும் தூண்டிலுக்கு மிச்சம், அதுதான் பெடலின் லாபம். இரண்டு வகை. ஒன்று, அடியில் இரண்டு செதில்கள் பெங்குவின் இறக்கை மாதிரி அடித்துக்கொள்வது. 1997-ல் ஹோபி கொண்டுவந்தது. இன்னொன்று, சைக்கிள் மாதிரி மிதித்து விசிறியைச் சுற்றுவது. பின்னால் மிதித்தால் பின்னால் போகும், மீன் இழுக்கும்போது அது பெரிய உதவி. ஆனால் நம்ம குளங்களில் பாசியும் ஆகாயத்தாமரையும் விசிறியில் சுற்றிக்கொள்ளும். செதிலை மேலே ஒட்டி மடக்கிவிட்டுத் தாண்டலாம்.

யாரும் விளம்பரத்தில் சொல்லாத ஒன்று: நின்றுகொண்டு மிதிக்க முடியாது. நீங்கள் எழுந்ததும் கயாக் நின்றுபோகும். நின்றுபோன கயாக், காற்றும் அலையும் தள்ள, மெல்ல அலைக்குக் குறுக்கே திரும்பும். அதாவது எடை மையம் மிக உயரத்தில் இருக்கும் அதே நேரத்தில்தான் அலை பக்கவாட்டில் வருகிறது. முனையில் சின்ன நங்கூரம் கட்டி முகப்பை அலைக்கு நேராக வைத்த பிறகே எழ வேண்டும். நங்கூரக் கயிற்றை நடுப்பக்கத்தில் கட்டவே கூடாது, இழுப்பு வந்தால் அதுவே கவிழ்த்துவிடும்.

உள்ளே போகும் தண்ணீர்

மீன்பிடிக் கயாக்குகள் பெரும்பாலும் மேலே உட்காரும் வகை. மேல்தளத்தில் வடிகால் துளைகள் இருக்கும், ஏறிய தண்ணீர் தானாக இறங்கும். கட்டுமரத்தின் குணம்தான் இது, ஒரு வித்தியாசத்தோடு. மரம் திடமானது, கயாக் உள்ளே வெற்று. மூடி சரியாக மூடாமலோ, தூண்டில் தாங்கி வைக்கத் துளை போட்ட இடத்தில் கசிந்தோ உடலுக்குள் தண்ணீர் போனால், மேலே இருப்பவருக்குத் தெரியாது. நீங்கள் கொஞ்சம் சாய்ந்தால் உள்ளே உள்ள தண்ணீர் அத்தனையும் அந்தப் பக்கம் ஓடும், சாய்வை இன்னும் கூட்டும். ஐந்தாறு வாளித் தண்ணீர் போதும், 36 இஞ்ச் அகலத்தின் லாபமெல்லாம் போய்விடும். "என்னவோ இன்னைக்கு ரொம்ப ஆடுது" என்று தோன்றினால் முதலில் உட்காருங்கள், கரைக்கு வாருங்கள், வடிகால் அடைப்பைத் திறந்து பாருங்கள்.

நம்ம ஊர்த் தண்ணீரில் எங்கே?

நின்று தூண்டில் போட ஏற்ற இடம் என்றால் என் வரிசை இது: முதலில் குளம். அடுத்து, பழையாறு கடலில் சேரும் மணக்குடிப் பொழி, குழித்துறை ஆறு சேரும் தேங்காய்ப்பட்டணம் பக்கத்து ஆற்றுப்பகுதி மாதிரியான அமைதியான நீர். அங்கேயும் முகத்துவாரத்தை விட்டு உள்ளே தள்ளித்தான். கடைசியாகத்தான் திறந்த கடல். அதிலும் உட்கார்ந்து மட்டும்.

மணவாளக்குறிச்சிக் கரையில் அலை மடங்கி விழுகிற விதம் துபாய்க் கரை மாதிரி அல்ல. ஆனி, ஆடி மாசக் கடலைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். கரையேறும்போது பெடலை முன்கூட்டியே மடக்கவோ கழற்றவோ வேண்டும். இல்லாவிட்டால் மணலில் குத்தி நின்று, பின்னால் வரும் அலை கயாக்கைக் குறுக்கே புரட்டும். ஐம்பது அறுபது கிலோ பிளாஸ்டிக், உள்ளே அலையின் வேகம், நடுவில் நம்ம கால். நம்ம கருமணல் பெடலின் மூட்டுகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்வது வேறு தொல்லை.

கடல் அமைதியாகத் தெரிவதும் நம்பிக்கைக்குரியதல்ல. தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கேயோ கிளம்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து ஏறும். கள்ளக்கடல் என்பது அதற்கான பெயர். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் இறந்தது அந்த எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் அலை எச்சரிக்கை வெளியிடுகிறது, போகும் முன் ஒரு நிமிஷம் பார்த்துவிடுங்கள். அதைவிட, கரையில் வலை காய வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் "இன்னைக்கு எறங்கலாமா அண்ணே?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

1. நிற்பதுதான் நோக்கம் என்றால் 34 இஞ்சுக்குக் கீழே பார்க்காதீர்கள். 36 நல்லது. 80 கிலோவுக்கு மேல் எடை, அல்லது நல்ல உயரம் என்றால் 38.
2. தாங்கும் எடை என்று எழுதியிருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்குள் உங்கள் எடையும் சாமானும் அடங்க வேண்டும். அதற்கு மேல் போனால் தளம் தண்ணீர் மட்டத்துக்கு இறங்கிவிடும்.
3. இருக்கையைத் தாழ்த்தி உயர்த்தும் வசதி இருக்கட்டும். எழுவதற்கு உயரம் சௌகரியம், கடலில் மிதிக்கத் தாழ்வுதான் பாதுகாப்பு.
4. கடையில் தரையில் வைத்து நின்று பார்ப்பது சோதனையே அல்ல. இடுப்பளவு தண்ணீரில், லைஃப் ஜாக்கெட் போட்டு, நின்று, பின்னால் திரும்பி, குனிந்து ஒரு பொருளை எடுங்கள். பெரும்பாலும் விழுவது நிற்கும்போது அல்ல, திரும்பும்போது.
5. வேண்டுமென்றே விழுங்கள். ஆழமான இடத்தில், யாரும் தொடாமல் உங்களால் மறுபடி ஏற முடிகிறதா? அகலமான கயாக் கவிழ்வது கடினம், ஆனால் கவிழ்ந்தால் நிமிர்த்துவதும் கடினம். தலைகீழாகவும் அது உறுதியாகவே மிதக்கும்! எதிர்ப்பக்க விளிம்பில் ஒரு கயிறு கட்டி வைத்தால் இழுத்துப் புரட்டலாம்.
6. காரிலிருந்து தண்ணீர் வரை தனியாக இழுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் சக்கரத் தள்ளுவண்டிக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள்.

இந்தப் பட்டியலில் ஐந்தாவதைத்தான் எல்லாரும் தள்ளிப் போடுகிறார்கள். விழுந்து ஏறத் தெரியாதவருக்கு எந்த அகலமும் போதாது. கடற்கரைப் பிள்ளைகள் மரத்தில் நிற்கப் பழகியதும் விழுந்து விழுந்து ஏறித்தான். நாமும் ஒரு சனிக்கிழமை காலையைக் குளத்தில் அதற்கென்றே செலவழிக்கலாம், தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டு.